சிறுவரோடு கடல் கடந்த செலவு

பண்டைத் தமிழிலக்கியம் காட்டும் கடற்செலவு ஆடவர்க்கே உரியது. கடல்வழிச் செலவு மகளிரோடு கூடி நிகழ்தல் இல்லை என்று தொல்காப்பியத்து அகத்திணையியல் வரையறுத்தது. அவ்விதிக்கு இளம்பூரணர் இவ்வாறு பொருள் கொள்ள, நச்சினார்க்கினியர் ஓதல், தூது, பொருள் என்னும் மூவகைப் பிரிவையும் உட்படுத்தி வேறு பொருள் கூறுவர். எப்பொருள் கொள்ளினும், செல்பவன் தலைவன், இல்லிலிருந்து ஆற்றியிருப்பவர் மனைவியும் மக்களும் என்பதே அவ்வழக்கின் சாரமாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் நாடிக் கப்பலேறினர். அவர்தம் செலவும் பொருள்வயிற் செலவே. குழந்தையை மகிழ்வித்தற்பொருட்டுக் கடல் கடத்தல் என்பது அக்காலத்தார் கருத்தில் எழாத ஒன்று.

இக்காலத்தில் நிலைமை வேறாயிற்று. பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளிநாடொன்றைப் பார்த்துவரும் வழக்கம் நடுத்தரக் குடும்பங்களிடத்தும் பரவிவருகின்றது. ஆயினும் இவ்வாறு சென்று மீண்ட பெற்றோர் பலரை வினவின், "பிள்ளைகள் படுத்திய பாட்டில் ஒன்றையும் பார்க்க முடியவில்லை" என்னும் விடையே கிடைக்கின்றது. பிள்ளைகளுக்காகவே மேற்கொண்ட செலவில் பிள்ளைகளே இடையூறாயினமை எங்ஙனம்? அச்செலவு பிள்ளைகளின் பெயரால் வகுக்கப்பட்டதேயன்றிப் பிள்ளைகளின் அளவால் வகுக்கப்படவில்லை என்பதே அதற்குக் காரணம். சிறுவர் உவக்கும் வண்ணம் ஒரு வெளிநாட்டுச் செலவைத் திட்டமிடுமாற்றை, யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்று சிங்கப்பூருக்குச் சென்று மீள்வதனை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். ஏழு வயதுப் பெண்ணும் நான்கு வயது ஆணும், தாய் தந்தையரும், அம்மம்மாவும் அக்குடும்பத்தினர் எனக் கொள்க.

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அவை வேந்தனை நோக்கிக் கூறப்பட்டனவேனும், மக்களோடு வழிச்செல்லும் இல்லறத்தானுக்கும் பொருந்துவன. அவ்வைப்புமுறையே இங்கும் பின்பற்றப்படுகின்றது.

வலியறிதல்

முதற்கண் அறியவேண்டியது குழந்தையின் வலி. வளர்ந்தவர் ஒரு நாளில் ஐந்து இடங்களைக் கண்டு, ஆறாவதைக் காணாது வந்தமைக்கு வருந்துவர். நான்கு வயதுக் குழந்தையோ ஓரிடத்தில் ஒரு பொருளைக் கண்டால் அதனையே மீண்டும் மீண்டும் காண விழையும். ஒரு குழாயிலிருந்து நீர் பீறிட்டெழுவதனை அரைமணி நேரம் பார்த்துநிற்கும். அதனருகே உள்ள புகழ்பெற்ற கட்டடத்தை ஏறெடுத்தும் பாராது. இஃது அறியாமையன்று, அப்பருவத்தின் இயல்பு. இரண்டு வயது முதல் ஏழு வயது வரையுள்ள பருவத்தைத் தனியொரு படிநிலையாக வகுத்து ஆராய்ந்த சுவிற்சர்லாந்து உளவியலறிஞர் பியாசே (1896-1980), அப்பருவத்துச் சிறுவர் கண்முன் நிற்பதனைக் கொண்டே சிந்திப்பர் என்றும், பிறர் நோக்கில் நின்று ஒன்றனைக் காணுதல் அவர்க்கு அரிது என்றும் காட்டினர். ஆதலின், "இவ்வளவு பணம் செலவழித்து வந்திருக்கிறோம், பார்" என்று குழந்தையைக் கடிதலாற் பயனில்லை. பணம், தூரம், அரிய வாய்ப்பு என்பன குழந்தையின் உலகில் இடம்பெறாத அளவைகள்.

உடல் வலியும் அவ்வாறே. மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்குப் பகலுறக்கம் உட்பட நாளொன்றுக்குப் பத்து முதல் பதின்மூன்று மணி நேர உறக்கம் வேண்டும்; ஆறு வயதுக்கு மேற்பட்ட சிறுவர்க்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும் என்பது மருத்துவர் கருத்து. வீட்டில் இவ்வுறக்கம் தானே அமைந்துவிடுகின்றது. வெளிநாட்டில் முதலிற் பறிபோவதும் அதுவே. பெற்றோர் "அடம்" என்று பெயரிடுவனவற்றுட் பெரும்பாலானவை உறக்கமின்மை, பசி, தாகம், வெப்பம் என்னும் நான்கனுள் ஒன்றன் விளைவாம். அழுங் குழந்தையை வினவுமுன் இந்நான்கனையும் வினவுதல் அறிவுடைமை.

குடும்பத்தில் முதியவர் ஒருவர் உடன்வருதலைப் பலர் சுமையாக எண்ணுவர். உண்மையில் அம்மம்மாவின் முழங்காலும் பேரனின் சிறுகாலும் ஒரே நேரத்தில் ஓய்வை வேண்டுவன. இருவர்க்கும் பொருந்துமாறு வகுத்த நாளொழுங்கு ஏனையோர்க்கும் இனிதாகவே முடியும். அன்றியும், அயலூரில் கண்விழிக்கும் குழந்தைக்கு, வீட்டிற் கேட்ட அதே குரலில் அதே கதையைச் சொல்ல ஒருவர் அருகிருத்தல் பெருந்துணையாகும்.

காலமறிதல்

காலமறிதல் மூவகைப்படும்: ஆண்டில் எக்காலம் என்பது, நாளில் எப்பொழுது என்பது, பிள்ளையின் வயதில் எப்பருவம் என்பது.

இலங்கைப் பாடசாலைகளின் தவணை விடுமுறைகள் வழக்கமாக ஏப்பிரல், ஓகஸ்ட், டிசெம்பர் மாதங்களில் வருவன. சிங்கப்பூர்ப் பாடசாலைகளின் நீண்ட விடுமுறைகளோ ஜூன் மாதத்திலும், நவம்பர்ப் பிற்பகுதி முதல் டிசெம்பர் இறுதி வரையிலும் வருவன. எனவே டிசெம்பரிற் செல்வோர் அந்நாட்டுப் பிள்ளைகளோடு ஒவ்வோரிடத்தும் வரிசையில் நிற்க நேரும். அக்காலம் அங்கு மழை மிகுந்த காலமுமாம். ஓகஸ்டில் நெரிசல் குறைவாயினும், நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவம் பெரும்பாலும் அக்காலத்தை ஒட்டியே வருதலின் யாழ்ப்பாணத்தார் பலர் ஊரைவிட்டு நீங்க விரும்பார். எஞ்சியது ஏப்பிரல். சித்திரைப் புத்தாண்டைப் பெரியோருடன் கொண்டாடியபின் புறப்படுதல் பலவாற்றானும் பொருந்தும். அம்மாதத்தில் அங்கு வெப்பம் மிகும். பிற்பகலில் இடியுடன் மழை பெய்தலும் உண்டு. பிற்பகல் குழந்தையின் உறக்கவேளையாதலின் அம்மழையால் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

நாளிற் பொழுதறிதல் இதனினும் நுட்பமானது. சிங்கப்பூர் நேரம் இலங்கை நேரத்தினும் இரண்டரை மணி முற்பட்டது. இங்கு இரவு எட்டு மணிக்கு உறங்கிக் காலை ஆறு மணிக்கு எழும் குழந்தைக்கு, அங்குச் சென்ற முதற் சில நாள்களில் உறக்கம் வருவது இரவு பத்தரை மணிக்கு. விழிப்பு வருவது காலை எட்டரை மணிக்கு. இதனை அறியாத பெற்றோர் முதல்நாள் இரவு எட்டு மணிக்கே விளக்கை அணைத்துக் குழந்தையோடு போராடுவர். மறுநாட் காலை ஆறரை மணிக்கு எழுப்பிச் சுற்றுலா வண்டியில் ஏற்றுவர். குழந்தையின் உடலுக்கோ அப்பொழுது விடியற்காலை நான்கு மணி. அவ்வண்டியில் எழும் அழுகைக்குக் குழந்தை பொறுப்பாகாது.

இவ்வேறுபாட்டை அறிந்தோர் அதனையே துணையாக்கிக்கொள்வர். சிங்கப்பூரின் மண்டாய்ப் பகுதியில் 1994ஆம் ஆண்டு முதல் இரவு விலங்குச்சாலை ஒன்று நடைபெற்றுவருகின்றது. அது மாலை ஏழேகால் மணிக்குத் திறக்கப்படும். அவ்வேளை யாழ்ப்பாணத்துக் குழந்தையின் உடலுக்கு மாலை நாலேமுக்கால் மணி, விளையாட்டுக்குரிய பொழுது. அங்குள்ள திறந்த வண்டியில் ஏறத்தாழ நாற்பது நிமிடம் அமர்ந்தவாறே விலங்குகளைக் காணலாமாதலின் அம்மம்மாவுக்கும் தளர்ச்சியில்லை. ஆயின் இதனை முதலிரண்டு மூன்று நாள்களுக்குள் வைத்துக்கொள்ளவேண்டும். நாள் செல்லச் செல்ல உடல் அவ்வூர் நேரத்துக்குப் பழகிவிடும். பின்னர் அதே இரவு குழந்தைக்கு உறக்கவேளையாகிவிடும். கடலோரப் பூங்காவில் இரவு ஏழேமுக்கால் மணிக்கும் எட்டேமுக்கால் மணிக்கும் இசையோடு நிகழும் ஒளிக்காட்சிக்கும் இக்கணக்குப் பொருந்தும்.

இனி, வயதறிதல். மிகச் சிறிய குழந்தையை அழைத்துச்செல்லின் அதற்கு நினைவிருக்குமா என்று வினவுவோர் உளர். வளர்ந்தவர்களின் முதல் நினைவுகள் பெரும்பாலும் மூன்று அல்லது மூன்றரை வயதினின்றே தொடங்குகின்றன என்பது உளவியலார் கண்ட உண்மை. இம்மறதியைச் சிக்மண்ட் பிராய்ட் 1905ஆம் ஆண்டிலேயே எடுத்துப் பேசினர். ஆதலின் இரண்டு வயதுக் குழந்தை தான் கண்ட வெளிநாட்டைப் பின்னாளில் நினைவுகூரும் என எதிர்பார்த்தல் தகாது. நினைவில் நில்லாதது பயனற்றது என்று கொள்ளுதலும் தகாது. அங்ஙனம் கொள்ளின் தாய் பாடிய தாலாட்டும் பயனற்றதாய் முடியும். ஆயினும் வாழ்நாளில் ஒருமுறையே செல்லக்கூடிய குடும்பம், இளைய பிள்ளை நான்கு அல்லது ஐந்து வயது எய்துமளவும் காத்திருத்தல் நன்று. அவ்வயதில் நினைவு நிலைக்கத் தொடங்கும். பகலிலும் அணையாடை வேண்டா. தன் பசியையும் நோவையும் சொல்லவும் தெரியும்.

இடனறிதல்

இடத்தைத் தேர்தற்கண் பெற்றோர் செய்யும் முதற் பிழை, தாம் காண விரும்பிய நாட்டைக் குழந்தையின் விருப்பமாக எண்ணிக்கொள்ளுதல். குழந்தைக்கேற்ற இடத்தின் இலக்கணம் எளிது: வழி குறுகியதாயிருத்தல், நேர வேறுபாடு சிறிதாயிருத்தல், தட்பவெப்பம் பழகியதாயிருத்தல், குடிநீரும் உணவும் தூயனவாயிருத்தல், விளையாடத் திறந்த வெளி உண்மை என ஐந்தாக அதனைக் கூறலாம். இலண்டனும் ரொறன்ரோவும் உறவினர் பலர் வாழும் நகரங்களேனும், நெடிய விமானப் பயணத்தாலும் குளிராலும் பெரிய நேர வேறுபாட்டாலும் சிறு குழந்தைக்கு முதற்செலவாக அமைதற்கு உரியனவல்ல. நாகபட்டினம் மிக அண்மையது. 2023ஆம் ஆண்டு ஒக்டோபரிற் காங்கேசன்துறையிலிருந்து அதற்குக் கப்பற் சேவை தொடங்கப்பெற்றது. ஆயின் அச்சேவை வாடைக்காற்றுக் காலத்திற் கடலின் நிலை நோக்கி இடைநிறுத்தப்படுதல் உண்டு. அன்றியும், தமிழ்நாட்டுச் செலவு பெரும்பாலும் தலயாத்திரையாகவே அமையுமாதலின் நெடுந்தூரத் தரைப்பயணம் இன்றியமையாததாகும்.

சிங்கப்பூர் மேற்கூறிய ஐந்தும் பெரிதும் பொருந்திய இடம். கொழும்பிலிருந்து விமானத்தில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். பூமத்தியரேகைக்கு ஒரு பாகைக்குச் சற்று மேலே அமைந்துள்ளமையால் வெப்பம் நம் நாட்டினதை ஒத்தது. குளிராடை வாங்கும் செலவில்லை. குழாய்நீரை அவ்வாறே பருகலாம். சிராங்கூன் வீதிப் பகுதியில் இட்டலியும் தோசையும் தயிர்ச்சோறும் எளிதிற் கிடைக்கும்.

இவற்றின்மேலும் ஒரு சிறப்புண்டு. மலாய், சீனம், ஆங்கிலம் என்பவற்றோடு தமிழும் அந்நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்று. விமான நிலையத்திலும் எச்சரிக்கைப் பலகைகளிலும் நாணயத் தாள்களிலும் தமிழெழுத்தைக் காணலாம். அண்மையில் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிய ஏழு வயதுப் பெண்பிள்ளைக்கு, கடலுக்கு அப்பால் தன் எழுத்தைத் தானே கண்டுபிடித்தல் எத்துணை மகிழ்ச்சி தரும்! "இன்று எத்தனை தமிழ்ப் பலகைகள் கண்டாய்?" என்று ஒரு சிறு பந்தயம் வைத்தாற் போதும், வரிசையில் நிற்கும் நேரமும் விளையாட்டாகும்.

குடும்ப வரலாறும் இவ்விடத்து உதவும். பிரித்தானியாவின் கியூப் பூங்காவிலிருந்து இறப்பர் நாற்றுகள் 1877இற் சிங்கப்பூர்த் தாவரவியற் பூங்காவுக்கு வந்தன. பின்னர் அப்பூங்காவின் தலைவராயிருந்த ரிட்லி என்பார், மரத்தை மாய்க்காது பால் எடுக்கும் முறையை அங்கு ஆராய்ந்து கண்டார். மலாயாவின் இறப்பர்ச் செல்வம் அதனால் வளர்ந்தது. அச்செல்வத்தோடு வளர்ந்த புகையிரதப் பாதைகளிலும் கந்தோர்களிலும் யாழ்ப்பாணத்தார் தொழில் பெற்றனர். அந்நகரில் இலங்கையின் பெயரால் ஒரு வீதியும் உண்டு. அவ்வீதியிலுள்ள செண்பக விநாயகர் ஆலயம் இலங்கைத் தமிழர் பேணிவந்த ஆலயம். மலாயாவிலிருந்து ஓய்வூதியம் பெற்று மீண்ட பூட்டனார் ஒருவரைப் பற்றிய பேச்சு வீட்டில் உண்டாயின், புறப்படுமுன் அதனைக் கதையாகச் சொல்லிவைத்தல் வேண்டும். கதை கேட்ட பிள்ளைக்கு அவ்வீதி வெறும் வீதியாகத் தோன்றாது.

வழிச்செலவு

யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் களைப்பு வானத்தில் தொடங்குவதன்று, தரையிலேயே தொடங்குகின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவு முழுவதும் வாகனத்தில் வந்து, கட்டுநாயக்காவிற் சில மணி நேரம் காத்திருந்து, அதன்பின் விமானம் ஏறும் குழந்தை, சிங்கப்பூரை அடையும்போது ஒரு முழுநாள் ஒழுங்கான உறக்கம் இழந்திருக்கும். கொழும்பிலோ நீர்கொழும்பிலோ ஓரிரவு தங்கிச் செல்லுதல் வீண்செலவு போலத் தோன்றும். உண்மையில் அவ்வோரிரவு அடுத்த இரண்டு நாள்களைக் காக்கும்.

இரண்டு வயது நிரம்பாத குழந்தை விமானத்திற் பெற்றோர் மடியிலிருந்து செல்லலாம். இரண்டு வயது நிரம்பியபின் தனியிருக்கை வேண்டும். கடவுச்சீட்டுக் குழந்தைக்கும் தனியே வேண்டும். அது செல்லும் நாளிலிருந்து ஆறு மாதத்துக்குக் குறையாத காலம் செல்லுபடியாகவேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையை, சென்றடையும் நாள் உட்பட மூன்று நாள்களுக்குள், குழந்தைகள் உட்பட ஒவ்வொருவர்க்கும் இணையவழியாக நிரப்புதல் வேண்டும். அதற்குக் கட்டணமில்லை. சுயிங்கம் அந்நாட்டுக்குட் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருளாதலின் பிள்ளைகளின் சட்டைப்பைகளையும் பார்த்துவிடுதல் நன்று.

விமானம் இறங்கும்போது காற்றழுத்தம் மாறுதலாற் காது அடைத்து நோகும். விழுங்குதல் அதனைத் தணிக்கும். எனவே கைக்குழந்தைக்குப் பாலும், சிறுவர்க்கு உறிஞ்சிப் பருகும் பானமும் அவ்வேளைக்கெனவே வைத்திருத்தல் வேண்டும். தடிமன் உள்ள குழந்தைக்கு இந்நோவு மிகுமாதலின் புறப்படுமுன் வைத்தியரைக் காட்டுதல் தகும். வாந்தி வருதலும் இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ளார்க்கே மிகுதி. மாற்றுடை ஒன்று பெட்டியுள் இருத்தலாற் பயனில்லை, கைப்பையில் இருத்தல்வேண்டும். தாய்க்கும் ஒரு மாற்றுடை வேண்டும் என்பதனைப் பலர் பட்டபின்பே அறிவர். சீவனி, காய்ச்சல் மருந்து, நுளம்பு கடியாமற் பூசும் மருந்து என்பனவும் உடன்செல்லற்பாலன. டெங்குக் காய்ச்சல் சிங்கப்பூரிலும் உண்டு.

நாளொழுங்கு

நாளொன்றுக்கு ஒரு பெருநிகழ்ச்சி, அதன்மேல் வேண்டா. இதுவே நாளொழுங்கின் தலையாய விதி. மண்டாயில் 1973இல் திறக்கப்பெற்ற விலங்கியற் பூங்காவும், 2023இல் திறக்கப்பெற்ற பறவைப் பூங்காவும், இரவு விலங்குச்சாலையும் ஒரே பகுதியில் அமைந்துள்ளன. ஒரே நாளில் மூன்றையும் முடித்துவிடலாம் என்னும் ஆசை அதனாலேயே எழுகின்றது. அவ்வாறு முடித்த குழந்தை மாலையில் யானையையும் கிளியையும் ஒருங்கே வெறுத்து, தோளிற் கிடந்து அழும்.

ஆறு நாட் செலவொன்றைப் பின்வருமாறு வகுக்கலாம். முதல்நாள் சென்றடைந்து, குளித்து, உண்டு, உறங்குதல் மட்டுமே. மாலையிற் புகைவண்டியில் நாலைந்து நிலையம் சென்று மீளலாம். வடகிழக்குப் பாதை முதலிய சில பாதைகளில் வண்டிகள் ஓட்டுநரின்றித் தாமே ஓடுவன. அவற்றின் முன்கண்ணாடியருகே நின்று, சுரங்கத்தின் இருளைக் கிழித்துக்கொண்டு வண்டி செல்வதனைச் சிறுவர் காணலாம். பெருந்தொகை கொடுத்துக் காணும் காட்சிகளினும் இதனை மிகுதியாக விரும்பும் குழந்தைகள் பலராவர். இரண்டாம் நாள் பகல் முழுவதும் ஓய்வும் நீர்விளையாட்டும்; இரவு விலங்குச்சாலை. மூன்றாம் நாள் தாவரவியற் பூங்கா. நான்காம் நாள் விலங்கியற் பூங்கா அல்லது பறவைப் பூங்கா. ஐந்தாம் நாளைப் பிள்ளைகளிடமே விட்டுவிடல் வேண்டும். அவர்கள் பெரும்பாலும் முன்னர்க் கண்ட ஒன்றனையே மீண்டும் கேட்பர். அதற்கு இசைதல் பெற்றோர்க்கு அரிதாயினும் இன்றியமையாதது. ஆறாம் நாள் ஆலய வழிபாடும் மீட்சியும். சாங்கி விமான நிலையத்தை ஒட்டி 2019இல் திறக்கப்பெற்ற மாளிகையினுள் நாற்பது மீற்றர் உயரத்திலிருந்து நீர்வீழ்ச்சி ஒன்று விழுகின்றது. காத்திருக்கும் நேரத்தை அதுவே போக்கிவிடும்.

இவ்வொழுங்கைக் குலைப்பன இரண்டு. ஒன்று, உறவினர் வீடுகள். மாலைதோறும் ஒவ்வொரு வீட்டிற்குச் சென்று, கதிரையில் அசையாது அமர்ந்து, பலகாரம் உண்ணுமாறு பணிக்கப்படும் குழந்தைக்கு அவ்வெளிநாடு ஒரு வரவேற்பறையாக முடியும். உறவினரைப் பூங்கா ஒன்றிற்கு வருமாறு அழைத்து ஒருங்கே காணுதல் இருசாரார்க்கும் நன்று. மற்றொன்று, கடைவீதி. சிராங்கூன் வீதிப் பகுதியில் நள்ளிரவு கடந்தும் திறந்திருக்கும் பேரங்காடி உண்டு. பிள்ளைகள் உறங்கியபின் பெற்றோருள் ஒருவர் சென்றுவந்தால் எவர்க்கும் இடரில்லை.

வீதியிற் செல்லும்போது கருதவேண்டியனவும் சில உள. 1.35 மீற்றருக்குக் குறைந்த உயரமுள்ள சிறுவர் அந்நாட்டில் மோட்டார் வாகனத்தில் தமக்குரிய இருக்கையிலோ தாங்கியிலோ அமர்தல்வேண்டும் என்பது சட்டம். வாடகைக்கார்களாகிய டாக்சிகளுக்கு இதில் விலக்குண்டு; செயலிவழி அழைக்கும் தனியார் வாகனங்களுக்கு விலக்கில்லை. கூட்டத்திற் பிள்ளை தவறுதலும் நிகழக்கூடியது. நல்லூர்த் திருவிழாவில் ஒலிபெருக்கி அறிவித்தலைக் கேட்டுப் பழகிய பெற்றோர்க்கு அவ்வச்சம் புதிதன்று. பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய அட்டையைப் பிள்ளையின் சட்டைப்பையில் வைத்து, "வழிதவறினால் நின்ற இடத்திலேயே நில்" என்று நாள்தோறும் சொல்லிவைத்தல் வேண்டும்.

பொருளும் நினைவும்

செலவு என்னும் தமிழ்ச்சொல் பயணத்தையும் பொருள் கழிதலையும் ஒருங்கே குறிப்பது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர் அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை அணுகியது. பின்னர்ச் சிறிது இறங்கினும் பழைய நிலையை எய்தவில்லை. ஆதலின் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு இத்தகைய செலவு பல ஆண்டுச் சேமிப்பின் பயன். சிலர்க்கு வாழ்நாளில் ஒருமுறையே கைகூடுவது. இடர் பிறப்பதும் இங்குத்தான். பெருந்தொகை கொடுத்தமையால் எல்லாவற்றையும் பார்த்துவிடவேண்டும் என்னும் வேட்கை எழுகின்றது; அவ்வேட்கையாற் குழந்தை இழுபடுகின்றது; இழுபட்ட குழந்தை அழுகின்றது; அழுத குழந்தையைப் பெற்றோர் கடிந்துகொள்கின்றனர். கொடுத்த பொருளுக்குக் கிடைத்தது கடிந்த சொற்களே என்று முடிகின்றது.

குழந்தை மிகுதியாக விரும்புவன பெரும்பாலும் சிறுதொகையில் முடிவன, அல்லது விலையற்றன. புகைவண்டியின் முன்கண்ணாடி, கடலோரப் பூங்காவில் 2014இல் அமைக்கப்பெற்ற சிறுவர் நீர்விளையாட்டிடம், விமான நிலையத்து நீர்வீழ்ச்சி, மாலை ஒளிக்காட்சி என்பன அவ்வகையின. இவற்றை அறிந்து திட்டமிடுவோர் கட்டணக் காட்சிகளை இரண்டு மூன்றளவிற் குறைத்து, மிஞ்சிய தொகையை நிலையத்துக்கு அண்மையான விடுதிக்குக் கொடுக்கலாம். நண்பகலிற் குழந்தையை உறங்கவைக்க எளிதில் திரும்பக்கூடிய அறை எந்தக் காட்சியினும் பயனுடையது.

நினைவு பற்றியும் ஒன்று கூறவேண்டும். குழந்தையின் நினைவு தானே நிலைப்பதன்று. பெற்றோர் அதனோடு பேசும் பேச்சால் உறுதிபெறுவது. நிகழ்ந்ததனை விரிவாக வினவியும் விளக்கியும் உரையாடும் பெற்றோரின் பிள்ளைகள் அதனை நன்கு நினைவுகூர்வர் என்பது ஆய்வுகளாற் பெறப்பட்டது. எனவே ஒளிப்படம் எடுத்தலோடு அமையாது, இரவுதோறும் படுக்கையிற் பிள்ளைகளோடு அன்றைய நாளைத் திரும்பச் சொல்லுதல் வேண்டும். மூத்தவள் எழுதவும் இளையவன் கீறவும் ஒரு கொப்பி போதும். ஊர் மீண்டபின் அக்கொப்பியை விரித்துவைத்துப் பேசும் மாலைகளில் அச்செலவு மீண்டும் நிகழும். அதற்குப் பொருள் வேண்டா.

1859இல் நிறுவப்பெற்று, 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற சிங்கப்பூர்த் தாவரவியற் பூங்காவினுள் சிறுவர்க்கெனத் தனித்தோட்டம் ஒன்று 2007இல் அமைக்கப்பெற்றது. சிறுவரை உடன்கொண்டு வாராத பெரியோர்க்கு அதனுள் நுழைய அனுமதியில்லை. பட்டமும் பதவியும் பணமும் அவ்வாயிலில் உதவா. ஒரு குழந்தையின் கையைப் பற்றியிருத்தலே அங்குச் செல்லுபடியாகும் சீட்டு. சிறுவரோடு வெளிநாடு செல்லக் கருதும் பெற்றோர் அவ்வாயிலின் விதியைத் தம் செலவு முழுமைக்கும் விதியாகக் கொள்வாராயின், குழந்தையை அழைத்துச்செல்பவர் தாம் என்னும் எண்ணம் சிறிது நீங்கும். குழந்தை நின்ற இடத்தில் தாமும் நிற்பர். அது நோக்கியதனைத் தாமும் நோக்குவர். அவ்வாறு நின்று கண்டது ஒன்றேயாயினும், அவ்வொன்று குடும்பம் முழுவதற்கும் உரிய செல்வமாக நிலைபெறும்.